அக்குறணை மணப்பெண்ணும் என் பழைய கமெராவும்

எழுபதுகளின் நடுப்பகுதி. பாண் ரொட்டிக்கு வரிசை, சீனிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை என்று கண்டி நகரமே நின்றபடி பொழுதைக் கழித்த காலம். நான் அப்போது கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் தாதியாக இருந்தேன். வீடு மஹய்யாவையில். கல்யாணம் ஆகவில்லை, வாய் கொஞ்சம் நீளம், கையில் ஒரு பழைய கமெரா. இந்த மூன்றுமே என் அம்மாவுக்குத் தீராத கவலைகள்.

கமெராவை மார்க்கெட் பக்கத்தில் மணிக்கூடு திருத்துகிற கடையொன்றில் கண்டெடுத்தேன். யாரோ ஒரு தோட்டத்துத் துரை ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். ஜெர்மனியில் செய்தது, என் வயதை ஒத்தது. பற்றரி கிடையாது, மின்சாரம் கிடையாது, கையில் எடுத்தால் ஒரு சின்னச் செங்கல்லின் கனம். அதன் அழகை இன்று நினைத்தாலும் எனக்குப் பேச்சு நிற்காது.

சும்மா சொல்லவில்லை. அந்தக் கமெராவில் படம் பிடிக்கும் கண்ணாடி ஒன்று, நாம் பார்க்கிற ஜன்னல் வேறொன்று. ஜன்னல் மேலே ஒரு ஓரமாகச் சின்னதாக இருக்கும். அதில் கண்ணை வைத்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சதுரம் தெரியும். அந்தச் சதுரத்துக்குள் எதிரே நிற்பவர் இரண்டு பேராகத் தெரிவார். முன்னால் இருக்கும் வளையத்தை விரலால் மெல்லத் திருப்பத் திருப்ப, அந்த இரண்டு பேரும் நெருங்கி நெருங்கி வந்து ஒரே ஆளாகிவிடுவார்கள். அப்படிச் சேர்ந்த கணத்தில் அமுக்க வேண்டும். சத்தம் என்று பார்த்தால், நாம் சலித்துக்கொண்டு 'ச்' கொட்டுவோமே, அதைவிடக் குறைவு. தூங்கும் குழந்தையைப் பக்கத்தில் நின்று எடுத்தாலும் விழிக்காது. வெளிச்சம் குறைந்த அறைக்குள்ளும் பளிச் விளக்கு இல்லாமல் பிடித்துவிடும்.

ஆனால் கண்டி ஈரம் பொல்லாதது. கவனிக்காமல் விட்டால் ஒரே மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் படர்ந்துவிடும். அதனால் அதை ஒரு பிஸ்கட் டின்னில், வறுத்த அரிசியைத் துணியில் கட்டிப் பக்கத்தில் வைத்து மூடி வைப்பேன். "சோத்துக்கே அரிசி இல்லாத காலத்துல இவ கமெராவுக்கு வறுத்துப் போடுறா" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். கண்ணாடிக்கு உரிய மூடி வாங்கும்போதே இல்லை. நான் ஆஸ்பத்திரியில் காலியான ஒரு களிம்பு டப்பாவின் மூடியைக் கழுவி, கறுப்புச் சாயம் பூசி, அதையே மாட்டிவிட்டேன். அளவெடுத்துச் செய்ததைப்போல் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பார்ப்பவர்களுக்கு அது மூடி என்றே தெரியாது, கமெராவின் ஒரு பாகம் என்றுதான் நினைப்பார்கள். இதில் எனக்கு ஒரே பெருமை.

அந்த வருடம் எங்கள் வார்டில் அக்குறணையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அம்மா சேர்ந்திருந்தார். கணவருக்கு மாத்தளை ரோட்டில் துணிக்கடை. நாங்கள் எல்லோரும் அவரை 'உம்மா' என்றுதான் கூப்பிட்டோம். வயிற்றில் கட்டி. அது நல்லதா கெட்டதா என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். ஒபரேஷனுக்கு நாள் குறித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அதற்கு முதல் நாள் அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். நோய் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே நிச்சயித்த நாள். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று கணவர் சொல்ல, இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சண்டை பிடித்தார்.

"எனக்கு என்னமாச்சும் நடந்தா பொறகு ஒரு வருஷத்துக்கு அவள்ட கலியாணத்தப் பேசுவீங்களா? நான் இல்லாட்டியும் குறிச்ச நாள்ல நடக்கணும்."

ஒபரேஷனையும் தள்ள முடியாது. எங்கள் சத்திர சிகிச்சை டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர், கொஞ்சம் கடுகடுப்பானவர். ஒபரேஷன் நாளுக்கு மறுநாளே நீண்ட லீவில் போகிறார். அவர் போய்விட்டால் அந்தக் கட்டியில் கைவைக்க வேறு ஆள் இல்லை.

இதில் இன்னொரு தலைவலி, உம்மாவின் இரத்த அழுத்தம். பகலெல்லாம் சிரித்துப் பேசுவார். ஆனால் கையில் பட்டியைக் கட்டிக் காற்றடித்தால் பாதரசம் ஏறி உச்சியில் நிற்கும். பயம். வாயால் சொல்லாத பயத்தை அந்தப் பாதரசம் சொல்லிவிடும். டொக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"காலையில பிரஷர் இறங்காட்டி நான் இவவை மேசையில ஏத்தமாட்டன். பிறகு ஒருத்தரும் என்னைக் குறை சொல்லக்கூடாது."

அந்த நாட்களில் மகள் தினமும் மதியம் சாப்பாடு கொண்டு வருவாள். இருபது வயதிருக்கும். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, தாய்க்கு ஊட்டிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு போவாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இவளைக் கட்டுகிறவன் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு கிளி வாங்க வேண்டியிருக்கும் என்று நான் பகிடி பண்ணினால் அதற்கும் ஒரு புன்னகைதான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ட்யூட்டி முடிந்து போகும் நேரம் என் தோளில் கமெராவைப் பார்த்துவிட்டு உம்மா கூப்பிட்டார். தாயும் மகளுமாக அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"மிஸ்ஸி, இது எதால பாக்குறது?" என்றார் உம்மா. எங்கள் ஊரில் தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் களிம்பு மூடியைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே கண்ணாடி நீலமும் ஊதாவுமாக மினுங்கியது. "இதுதான் உம்மா இதோட கண்ணு. இத மூடி வச்சிட்டா இதுக்கு ஒன்னுமே தெரியாது" என்றேன். மகள் குனிந்து அந்தக் கண்ணாடிக்குள் தன் முகம் தலைகீழாகத் தெரிவதைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கும்போது நல்ல அழகி.

மகள் போன பிறகு உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, எங்கட ஊட்டுல பொம்புளையள்ட பக்கத்துக்கு ஆம்புள கமெராக்காரன் வரேலா. நீங்க வந்து ஒரு படம் புடிச்சிக் காட்டுவீங்களா? மாப்புள அவள்ட கழுத்துல மாலை போடக்குள்ள என்ட மகள்ட மொகம் எப்பிடி ஈந்திச்சிண்டு பாத்தாப் போதும். அதுக்குப் பொறகு டொக்டர் என்ன வேணும்ண்டாலும் வெட்டட்டும்."

கல்யாணம் முடிந்து அன்று மாலையே மகளைப் பார்வையாளர் நேரத்துக்குக் கூட்டி வரலாமே என்று கேட்டேன். உம்மா காதைப் பொத்திக்கொண்டார். "புதுப் பொண்ணு ஆஸ்பத்திரி வாசல்ல கால் வைக்கப்படாது மிஸ்ஸி. நான் அதுக்கு விடமாட்டன்." அதோடு இன்னொரு நிபந்தனையும் வந்தது. படத்தைக் கழுவும்போதும் அன்னிய ஆண் ஒருவர் கண்ணில் படக்கூடாது.

எனக்கு வாய் முந்திக்கொள்ளும் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? "எடுக்கிறதும் நான்தான், கழுவுறதும் நான்தான். நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள உங்க கையில இருக்கும், போதுமா?" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் பிஸ்கட் டின்னைத் திறந்த பிறகுதான் யோசனை வந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம், பிலிம் குதிரைக்கொம்பு. என்னிடம் இருந்தது ஒரே ஒரு சுருள், அதுவும் பாதி ஏற்கனவே எடுத்து முடிந்தது. மீதியை, எங்கள் கோயிலில் அக்கா மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கென்று பத்திரமாக வைத்திருந்தேன். அக்காவிடம் எப்படிச் சமாளிப்பது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்பட்டுவிட்டேன்.

கல்யாண வீடு கடைக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் ஆண்கள், உள்ளே பெண்கள், நடுவில் ஒரு பூப்போட்ட திரை. உள்ளே நுழைந்ததும் அத்தர் வாசமும் நெய்ச்சோற்று வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறின. சின்னப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நபி புகழ் பாடும் பைத் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் சிலுவைச் சங்கிலி போட்ட வேற்றுப் பெண் என்று ஒருவரும் ஒதுக்கவில்லை. "உம்மாட மிஸ்ஸி வந்தீக்கிறாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். எத்தனையோ கண்கள் என்னையும் கமெராவையும் மாறி மாறிப் பார்த்தன. அந்த உபசரிப்பில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

மணப்பெண்ணை ஜன்னல் ஓரமாக ஒரு கதிரையில் உட்கார வைத்திருந்தார்கள். தாய் இருக்க வேண்டிய இடத்தில் உம்மாவின் தங்கை நின்றார். எல்லோருக்கும் அவர் சாச்சி. அவர்கள் வழக்கப்படி மணப்பெண் தலை குனிந்தபடியே இருக்க வேண்டும், நிமிர்ந்து பார்க்கக் கூடாது, வாய் பேசவே கூடாது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் அதைக் கவனிப்பதற்கென்றே உட்கார்ந்திருப்பார்கள். நிமிர்ந்தால் 'பொண்ணுக்கு வெக்கமில்ல' என்று பேச்சு வந்துவிடும்.

நான் ஒரு மூலையில் நின்று வேலையைத் தொடங்கினேன். கமெராவின் ஜன்னலில் கண்ணை வைத்தேன். அடடா, என்ன வெளிச்சம்! வீட்டு ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் விழுந்த அந்த மெல்லிய வெளிச்சத்தில் பொன் சரிகை பளபளக்கிறது. மஞ்சள் சதுரத்தில் இரண்டு மணப்பெண்கள் நெருங்கி வந்து ஒன்றாகிறார்கள். 'ச்'. சாச்சி முக்காட்டைச் சரிசெய்கிறார். 'ச்'. மாப்பிள்ளையின் தங்கை கூறைப் புடவையைப் போர்த்துகிறாள். 'ச்'. வாழ்க்கையில் இவ்வளவு அழகாகப் படம் எடுத்ததே இல்லை என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

மணப்பெண் மட்டும் ஒரு மாதிரி இருந்தாள். குனிந்த தலைக்குள்ளிருந்து கண்ணை மட்டும் உயர்த்தி என்னை முறைக்கிறாள். புருவத்தைச் சுருக்குகிறாள். மடியில் கிடந்த விரல்களைக் குவிப்பதும் விரிப்பதுமாக இருக்கிறாள். பாவம், தாய் பக்கத்தில் இல்லாத பதற்றம் என்று நான் நினைத்தேன். கிட்டப் போய், "பயப்படாதீங்க தங்கச்சி, படம் நல்லா வருது, சும்மா கீழ பாத்துக்கிட்டே இருங்க" என்று தோளைத் தட்டிக் கொடுத்தேன். அவள் ஏதோ முணுமுணுக்க வாயெடுத்தாள். பக்கத்திலிருந்த சாச்சி தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ள, வாய் மூடிக்கொண்டது. எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி மூலைக்குப் போய் இன்னும் இரண்டு மூன்று எடுத்துத் தள்ளினேன்.

முன்பக்கத்தில் நிக்காஹ் முடிந்தது. பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையை உள்ளே கூட்டி வந்தார். சொந்தமல்லாத பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நகர்ந்தார்கள். பைத் நின்றது. மாப்பிள்ளை மெலிந்த ஆள், நெற்றியெல்லாம் வியர்வை. சாச்சி தட்டை நீட்ட, அதிலிருந்து தங்க மாலையை எடுத்தார். இதுதான் உம்மா கேட்ட நேரம். பிலிமில் மீதி எத்தனை என்று சரியாகத் தெரியாது, ஒன்றிரண்டுதான் இருக்கும். நான் ஒரு முழங்காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, மஞ்சள் சதுரத்தை அவள் முகத்தில் வைத்தேன். மாலை அவள் கழுத்துக்கு மேலே வந்தது.

மணப்பெண் தலையை நிமிர்த்தினாள். நேராக என்னைப் பார்த்தாள். அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"மிஸ்ஸி, மூடியக் கழட்டுங்கொ! கண்ணு மூடித்தான் ஈக்குது! உம்மாவுக்கு ஒண்டும் தெரியாமப் போயிடும்!"

 நான் கையைக் கமெராவின் முன்னால் கொண்டுபோனேன். களிம்பு டப்பா மூடி கச்சிதமாக அதன் இடத்தில் இருந்தது. அவ்வளவு நேரமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. இந்த வகைக் கமெராவில் பார்க்கும் ஜன்னல் வேறு, பிடிக்கும் கண்ணாடி வேறு அல்லவா? மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் உலகமே பளிச்சென்று தெரியும். நான் அத்தனை நேரமும் இருட்டைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.  அந்த இடத்திலேயே தரை பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

"யா அல்லாஹ், பொண்ணு பேசுறாளே!" என்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி நெஞ்சில் கைவைத்தாள். "தலையக் குனி புள்ள, தலையக் குனி" என்று சாச்சி பல்லைக் கடித்தார். தகப்பனாரின் முகம் சிவந்துவிட்டது. கல்யாணம் இதிலேயே குழம்பிவிடுமோ என்று நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை மாலையைப் பிடித்த கையை அப்படியே நிறுத்தினார். பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை.

"உம்மா பாக்குறதுக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். "அப்பிடீண்டா மிஸ்ஸி, நீங்க அவசரப்படாமச் சரியாக்கிக்கொள்ளுங்கொ. நான் நிக்கிறன்."

அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். இரண்டு கையிலும் மாலையை விரித்துப் பிடித்தபடி, இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அசையாமல் நின்றார். நான் மூடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.  மஞ்சள் சதுரத்தில் இரண்டு முகங்கள் ஆடி ஆடி, சேர மாட்டேன் என்று அடம்பிடித்தன. நடுக்கம் நின்று அவை ஒன்றானபோது, அவள் இன்னும் நிமிர்ந்துதான் இருந்தாள். சாச்சி அதட்டியும் குனியவில்லை. மாலை கழுத்தில் விழுந்தது. அவள் கண் என்னைத் தாண்டி, கமெராவைத் தாண்டி, எங்கேயோ ஆறேழு மைல் தள்ளி ஒரு கட்டிலில் கிடக்கிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அமுக்கினேன். சத்தம் கேட்ட பிறகுதான் அவள் தலை குனிந்தாள். பிறகு இன்னும் ஒன்று எடுத்தேன், பிலிம் முடிந்துவிட்டது.

மதியம் ஒரே தட்டைச் சுற்றி ஆறு பெண்கள் உட்கார்ந்து சாப்பிடும் சஹனில் என்னையும் இருத்தினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மூடியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாச்சி மட்டும் ஒரு இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவைத்து, "தின்னுங்கொ மிஸ்ஸி, நாங்களும் அது கமெராட மூக்கெண்டுதான் நெனச்ச" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதோடு மனசு கொஞ்சம் இலேசாகியது.

தகப்பனார் என்னைக் காரில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். படம் கழுவ நான் நம்பியிருந்தது எங்கள் எக்ஸ்ரே பிரிவின் இருட்டறையை. எக்ஸ்ரே படம் கழுவும் அதே மருந்துத் தண்ணீரில் கமெரா பிலிமையும் கழுவலாம் என்பதை முன்பொரு தடவை செய்து பார்த்திருந்தேன். அங்கே வேலை செய்த சிங்கள ஐயாவிடம் உள்ளதைச் சொன்னேன். மணப்பெண் படம், ஆண்கள் பார்க்கக் கூடாதாம் என்றேன். அவர் கதவைத் திறந்துவிட்டு, வேலை முடியும் வரை வெளியே வாங்கில் தான் காவல் இருப்பதாகச் சொல்லி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

எக்ஸ்ரே படத்துக்குப் போடும் சிவப்பு விளக்கும் என் பிலிமுக்கு ஆகாது. அதையும் அணைத்துவிட்டுக் கும்மிருட்டில் நின்றேன். பிலிமின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, மருந்துத் தண்ணீருக்குள் மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இருட்டில் மணிக்கூடு பார்க்க முடியாது. நான் நேரத்தைக் கணக்கிட அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். ஒரு முஸ்லிம் பெண்ணின் கல்யாணப் படம் மாதா ஜெபத்தின் கணக்கில் வெந்துகொண்டிருந்தது. அன்று நான் சொன்ன ஜெபம் கணக்குக்காக மட்டும் இல்லை. அந்தக் கடைசிப் படமும் கெட்டுப்போயிருந்தால், உம்மாவின் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? நாளைக் காலையில் பாதரசம் எங்கே நிற்கும்?

விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு நீளத்துக்குப் பிலிம் கண்ணாடியாக, வெறுமையாக இருந்தது. எல்லாம் மூடியின் உபயம். கடைசியில் இரண்டு சின்னக் கட்டங்களில் உருவம். ஒன்று கை நடுக்கத்தில் கலங்கிப்போயிருந்தது. மற்றது நூல் பிடித்த மாதிரித் தெளிவு. அந்தக் கமெராவை அப்படியே கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன், சத்தியமாக.

காகிதத்தில் அச்சுப்போட நேரமில்லை, வசதியும் இல்லை. காய்ந்ததும் நெகட்டிவ் துண்டை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். உம்மாவைக் கைத்தாங்கலாக எங்கள் தாதியர் அறைக்கு அழைத்து வந்து, எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியின் முன்னால் உட்கார வைத்து, அதில் பிலிமைப் பிடித்தேன். முள் எடுக்கும்போது பாவிக்கும் பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் பார்த்தார். திடுக்கிட்டார். "என்ன மிஸ்ஸி இது, என்ட புள்ளைய கரியாக்கி வச்சீக்கிறீங்களே!"

"இது கழுவின ஒடன அப்பிடித்தான் உம்மா. வெளுப்பெல்லாம் கறுப்பாத் தெரியும், கறுப்பெல்லாம் வெளுப்பா. நல்லாப் பாருங்க, கழுத்துல மாலை தெரியுதா?"

மறுபடி குனிந்தார்.  பூதக்கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"இவள் தலை குனியல்ல" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன், மூடியை, நான் தோளைத் தட்டியதை, சாச்சியின் கிள்ளலை, கிழவி நெஞ்சில் கைவைத்ததை, மாப்பிள்ளை நின்ற நிலையை. "பேசினாளா? மாலை போடக்குள்ள வாயத் தொறந்து பேசினாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதட்டுகிற குரலில்தான் கேட்டார், ஆனால் உதடு சிரிப்பை அடக்க முடியாமல் துடித்தது. பிறகு அடக்கவில்லை. வயிற்றைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். சிரித்தபடியே அழுதார்.

"கலியாணப் படம்ண்டா எல்லாப் பொண்ணும் தரையத்தான் பாத்துக்கொண்டு ஈப்பாளுகள். என்ட கலியாணத்துல என்ட உம்மாவுக்கு என்ட மொகமே தெரியல்ல மிஸ்ஸி. இவள் என்னையல்லவா பாக்குறாள்."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. தாதி நோயாளியின் முன்னால் அழக்கூடாது என்பார்கள். அன்று அந்தச் சட்டத்தைக் காற்றில் விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை, உம்மாவின் கையில் நான்தான் பட்டியைக் கட்டினேன். காற்றை மெல்ல இறக்கினேன். காதில் துடிப்புக் கேட்கத் தொடங்கிய இடத்தைப் பார்த்து, நம்பாமல் இன்னொரு முறை காற்றடித்துப் பார்த்தேன். வாரக்கணக்கில் உச்சியில் நின்ற பாதரசம் இறங்கியிருந்தது. டொக்டர் வந்து தானும் ஒருமுறை பார்த்தார்.

"இதென்ன, இரவுக்குள்ள என்ன குடுத்தனீங்கள்?"

"நீங்க எழுதின குளிசைதான் டொக்டர்."

"ஓம், அது நல்ல குளிசை" என்றார் திருப்தியாக. நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி நான் வாயை மூடிக்கொண்ட சந்தர்ப்பங்கள் குறைவு.

தள்ளுவண்டியில் போகும்போது உம்மா யாரிடமும் விடைபெறவில்லை. "பகலைக்கு எனக்குப் பசிக்கும் மிஸ்ஸி, சொல்லி வைங்கொ" என்றார். கட்டி நல்ல கட்டிதான். முழுசாக எடுத்துவிட்டார்கள். கண் விழித்து முதல் கேட்டது, அந்தப் பிலிம் பத்திரமாக இருக்கிறதா என்று.

பிற்பாடு அதைப் பெரிதாக அச்சுப்போட்டுக் கொடுத்தேன். அந்நியர் பார்வையில் படாமல் இருக்க உம்மா அதை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். நான் அக்குறணைக்குப் போகும்போதெல்லாம் பெண்கள் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து, அலுமாரியைத் திறந்து காட்டுவார். பிறகு பேரப்பிள்ளைகளுக்கும் காட்டினார். மகள் வெட்கத்தில் சமையலறைக்கு ஓடிவிடுவாள். அந்த மாப்பிள்ளை மட்டும் என்னைக் கண்டால், "மிஸ்ஸி, நான் இன்னம் கொஞ்சம் நிக்கட்டா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

அந்தக் கமெரா இன்றும் என்னிடம் இருக்கிறது, இன்றும் படம் எடுக்கிறது, அதைவிட நல்ல கமெராவை நான் கண்டதில்லை. ஆனால் அன்றுவரை படம் என்பது எடுப்பவரின் கெட்டித்தனம் என்றும், எதிரில் இருப்பவர் வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் இருப்பதுதான் அவர் செய்ய வேண்டிய உதவி என்றும் நினைத்திருந்தேன். இப்போது யாரைப் படம் எடுத்தாலும், முதலில் அவர்களைச் சற்று நேரம் பேச விடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிமிரும் முகம் எவ்வளவு தூரத்தில் கிடக்கும் உயிரையும் எட்டிப் பிடிக்கும் என்பதை என் கண்ணால் பார்த்தவள் நான்.